முகூர்த்தத்துக்கு நாகஸ்வரம், வாசலில் பஞ்சவாத்தியம், வரவேற்பில் கச்சேரி: எதை விடுவது?

கேள்வி கேட்டவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துக்காரர். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். காலையில் முகூர்த்தம், சாயங்காலம் வரவேற்பு, இரண்டும் சித்தூரில் ஒரே மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் ஒற்றப்பாலத்து மலையாளிகள். சினிமாப் பாட்டுக் குழு வேண்டாம், சாஸ்திரிய சங்கீதம்தான் வேண்டும் என்று மகளே சொல்லிவிட்டாளாம். நாகஸ்வரம், வாய்ப்பாட்டுக் கச்சேரி, கேரளத்துப் பஞ்சவாத்தியம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், மூன்றுக்கும் பணம் இல்லை, எதை விடலாம் என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாகஸ்வரத்தை விடாதீர்கள். பஞ்சவாத்தியம் வேண்டுமானால் சின்னதாக, வாசலோடு. வரவேற்புக் கச்சேரியை விட்டுவிடுங்கள். நான் பாலக்காட்டில் முப்பது வருஷமாக மிருதங்கம் வாசிக்கிறவன். கல்யாணக் கச்சேரிகள் எனக்குச் சோறு போட்டிருக்கின்றன. அப்படியிருந்தும் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

எல்லோரும் முதலில் வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அப்புறம் அதை எந்த நேரத்தில் வைக்கலாம் என்று பார்க்கிறார்கள். நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வந்திருப்பவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? நடப்பார்களா, சாப்பிடுவார்களா, வரிசையில் நிற்பார்களா, உட்கார்ந்து கேட்பார்களா? சில சங்கீதம் சடங்கை நடத்திக்கொடுக்கும், அதை யாரும் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை. சில சங்கீதத்துக்கு எதிரே உட்கார்ந்து கேட்கும் காது வேண்டும். முதல் வகைக்கு நாகஸ்வரம், இரண்டாவதற்கு வாய்ப்பாட்டுக் கச்சேரி. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வரவேற்பில் நல்ல பாடகர் ஒருவருக்கு வாசித்தேன். அவர் காம்போதி ராகத்தை எடுத்து மெதுவாக விரித்துக்கொண்டிருந்தார். எதிரே நானூறு பேர், எல்லோரும் மேடை ஏறிப் போட்டோ எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பேச்சுச் சத்தம் வேண்டும், அதுதான் இயல்பு. ஐந்தாறு வருஷம் கழித்துச் சந்திக்கும் சித்தப்பாவிடம் காம்போதிக்காகப் பேசாமல் இருக்க முடியுமா? பேச்சு ஏற ஏற மைக்காரர் ஒலியை ஏற்றினார், அதற்கு மேல் குரலை ஏற்றி ஜனங்கள் பேசினார்கள். மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் பாதியில் இருக்கும்போது கேக் வெட்டப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது, நிறுத்தினோம். அன்றைக்குப் பாடகர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அழைத்தவர்கள் மேல் குற்றம் இல்லை. சங்கீதத்தின் மேல் ஆசை வைத்துத்தான் அழைத்தார்கள். நேரம்தான் தப்பு.

சரி, நாகஸ்வரத்துக்கு வருவோம். காலையில் உங்களுக்கு எல்லாவற்றையும் தாங்கப் போவது அதுதான். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி, இது முழு செட். ஒரு நாகஸ்வரம் ஒரு தவில் என்று குறைக்கலாம், ஆனால் முகூர்த்தக் கல்யாணத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வாசிப்பவர் மூச்சு வாங்கும்போது பக்கத்துக் குழல் தொடர வேண்டும், இல்லையென்றால் நடுநடுவே வெறும் தவிலாக இருக்கும். மூன்று மணி நேரம் ஒருவரே ஊதவும் முடியாது. பணத்தை மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

குழலில் இரண்டு வகை உண்டு. திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது, கூர்மையாகத் தூரம் போகும். பாரி நீளமானது, சுருதி தாழ்ந்தது, கம்பீரமாக இருக்கும். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பாரியைக் கையில் எடுத்த பிறகு அதுவே கச்சேரி வழக்காகிவிட்டது. மண்டபத்துக்குள் வாசிக்கப் பாரிதான் நல்லது. உங்களுக்கு வாசிக்க வருபவர் எதைக் கொண்டுவருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டாலே அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், இவர்கள் கேட்கத் தெரிந்தவர்கள் என்று நினைப்பார்.

நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மண்டபத்துக்குள் மைக் வேண்டாம். கோயில் பிராகாரத்திலும் தெருவிலும் வளர்ந்த வாத்தியம் அது. கூரைக்குக் கீழே மைக் வைத்தால் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துபோவார்கள். அப்புறம் நாகஸ்வரமே இரைச்சல் என்று பெயராகிவிடும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மிருதங்கத்துக்கே மைக் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர். தோலின் நாதம் அப்படியே காதுக்கு வர வேண்டும் என்பது அவர் கட்சி. தவிலுக்கு அது இன்னும் நூறு மடங்கு பொருந்தும்.

எங்கே உட்கார வைப்பது என்பது அதைவிட முக்கியம். என் அக்கா மகள் கல்யாணத்தில் பூ அலங்காரம் செய்தவர்கள் மேடையின் பக்கவாட்டு முழுவதையும் அடைத்துவிட்டார்கள். மேளக்காரர்களை வாசல் பக்கம் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து மணமேடை தெரியவில்லை. மாப்பிள்ளை தாலி கட்டி முடித்து இரண்டாவது முடிச்சும் போட்டாயிற்று, அதற்குப் பிறகுதான் கெட்டிமேளம் வந்தது. அக்கா இன்றைக்கும் அந்த வீடியோவைப் பார்க்கும்போது அந்த இடத்தில் முகம் சுருங்குவாள். அந்த நிமிஷத்தில் தும்மலோ அபசகுனமான சொல்லோ காதில் விழக் கூடாது என்றுதானே எல்லாச் சத்தத்தையும் மூடுகிற மாதிரி தவிலை முழக்குகிறோம்? நேரம் தவறினால் அது வெறும் சத்தம்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் பக்கத்துப் புரோகிதர் கையை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் கொடுப்பார். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பக்கத்து நம்பூதிரியை வைத்தால், அல்லது அவர்கள் வழக்கப்படி மூத்தவர் ஒருவர் மட்டும் நின்று நடத்தினால், அந்தக் குரல் வராமலே போகலாம். அவர்கள் தாலிகெட்டு நம்முடையதைவிட மிகச் சுருக்கமாக முடிந்துவிடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆகிவிட்டது என்று நம் ஆட்கள் திகைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் தம்பியோ மைத்துனரோ ஒருவர், அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காமல், தவில்காரர் பார்வையில் நின்று கைகாட்டட்டும். முதல் நாளே இருவரையும் அறிமுகப்படுத்திவிடுங்கள்.

என்ன வாசிக்கச் சொல்வது? அதிகம் சொல்லாதீர்கள். நல்ல வித்வானுக்குக் காலை எட்டு மணிக்கு பிலஹரி ராகமோ கேதாரமோ எடுக்கத் தெரியும், கெட்டிமேளம் அடங்கியதும் கல்யாணியோ மோகனமோ ஆனந்தபைரவியோ விரிக்கத் தெரியும். ஊஞ்சல் உண்டென்றால் அதை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊஞ்சல் பாட்டுகளைக் குறிஞ்சியிலும் ஆனந்தபைரவியிலும் வாசித்தால் பாட்டிமார்கள் தாங்களாகவே சேர்ந்து பாடத் தொடங்குவார்கள், அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஈடே கிடையாது. நீங்களாகக் கேட்க விரும்பும் பாட்டு நான்கைந்து இருந்தால் எழுதிக் கொடுங்கள். இருபது எழுதிக் கொடுத்தால் அவர் உங்கள் சீட்டைப் பார்த்து வாசிப்பாரே தவிர எதிரே நடப்பதைப் பார்த்து வாசிக்க மாட்டார். சினிமாப் பாட்டு வேண்டாம் என்பதையும் வாயால் சொல்லிவிடுங்கள். கேட்பார்கள் என்று நினைத்து அவர்களாகவே நாலு பாட்டுப் பழகி வைத்திருப்பார்கள்.

மல்லாரியைப் பற்றி என் அபிப்பிராயம் ஒன்று. இப்போது மாப்பிள்ளை அழைப்புக்கு மல்லாரி வாசிக்கச் சொல்வது பரவிவிட்டது, கேட்கவும் அற்புதமாக இருக்கிறது. ஆனால் கம்பீரநாட்டை ராகத்தில் வரும் அந்த உருப்படி சுவாமி புறப்பாட்டுக்கு உரியது. சுவாமி மண்டபத்தை விட்டுக் கிளம்புகிறார் என்று ஊருக்குச் சொல்வது அது. மாப்பிள்ளைக்கு நாட்டை ராகம் போதும், அதே ஜோர் வரும்.

முகாரி ராகம் வேண்டாம் என்று வீட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். முகாரி என்றால் அழுகை என்று ஒரு நினைப்பு படிந்துவிட்டது. சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று தியாகராஜர் நெகிழ்ந்து பாடிய கீர்த்தனை முகாரிதான், அதில் அழுகை இல்லை, ஆனந்தம்தான் இருக்கிறது. இருந்தாலும் கல்யாண வீட்டில் பெரியவர்கள் மனசு நோகக் கூடாது. அன்றைக்கு ஒரு நாள் முகாரி இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இனி பஞ்சவாத்தியம். மாப்பிள்ளை வீட்டாருக்கு நெருக்கமானது என்பதால் இதை நீங்கள் யோசிப்பது நல்ல மனசு. திமிலை, மத்தளம், இடக்கை என்ற மூன்று தோல் வாத்தியங்களும், இலைத்தாளம், கொம்பு என்ற இரண்டும் ஆக ஐந்தும் சேர்ந்தது. முழு அளவில் என்றால் கோயில் திருவிழாவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போகும். மிகத் தாழ்ந்த காலத்தில், அதாவது மிக மெதுவான வேகத்தில், சங்கொலியோடு தொடங்கிப் படிப்படியாக ஏறும், அந்த ஏற்றம்தான் அதன் ருசி. கல்யாணத்துக்கு அத்தனை நேரமும் கிடையாது, அத்தனை ஆட்களும் வேண்டாம். சின்னக் குழுவாக, மாப்பிள்ளை வந்து இறங்கும்போது வாசலில் இருபது முப்பது நிமிஷம், பெண்கள் வரவேற்க ஏந்தும் தாலப்பொலித் தட்டோடு நிற்கும் இடத்திலிருந்து மண்டபப் படி வரை. அதோடு முடிந்தது. மண்டபத்துக்குள் கொண்டுவராதீர்கள், கொம்பின் ஒலி நாலு சுவருக்குள் நிற்காது. அது வாசிக்கும் நேரத்தில் நாகஸ்வரம் வாசிக்கக் கூடாது. இரண்டு குழுவும் ஒன்றையொன்று மூடப் பார்த்தால் இருவருக்குமே மரியாதை இல்லை. கடைசிக் காலம் முடிந்து ஒரு நிமிஷம் அமைதி, அப்புறம் உள்ளேயிருந்து நாகஸ்வரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மாற்றம் சரியாக அமைந்தால் உடம்பு சிலிர்க்கும்.

அது மலையாளத்தார் வாத்தியம், நமக்கு எதற்கு என்று உங்கள் பக்கம் யாராவது சொன்னால் அவர்களிடம் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமியைப் பற்றிச் சொல்லுங்கள். இன்று நாம் கேட்கும் பஞ்சவாத்தியத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமான மத்தளக் கலைஞர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மணி ஐயர் பிறந்த பழையனூர் அந்த ஊருக்குப் பக்கம்தான். இந்த மண்ணில் மத்தளமும் மிருதங்கமும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவை. என் குருநாதர் எங்களைத் திருவிழாவுக்கு அனுப்பிப் பஞ்சவாத்தியம் கேட்டுவிட்டு வரச் சொல்வார், காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், எப்படி அசையாமல் ஏறுகிறது என்று பாருங்கள் என்பார்.

பணம் நெருக்கினால் பஞ்சவாத்தியத்துக்குப் பதில் இடக்கையோடு சோபான சங்கீதம் பாடும் ஒருவரை அழைக்கலாம். கோயில் நடைப்படியின் பக்கத்தில் நின்று பாடும் பாணி அது. ஒரே ஆள், இடக்கையை வாசித்துக்கொண்டே பாடுவார். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் பத்து நிமிஷம். மலையாளத்தார் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள், நம் ஆட்களுக்கும் அந்த இழைப்பு பிடிக்கும். செண்டை மேளம் வேண்டாம் என்பேன். திறந்த மைதானத்தில் அதற்கு இணை இல்லை, ஆனால் சித்தூர் மண்டப வாசலில் பேச்சுகூடக் கேட்காது.

சாயங்கால வரவேற்புக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். இங்கே வார்த்தை இல்லாத சங்கீதம்தான் சரி. இரட்டை வயலின், அல்லது புல்லாங்குழல், கூட மிருதங்கம். பேச்சுக்கு நடுவே போனாலும் அவமானப்படாது, கேட்க விரும்புகிறவர் நாற்காலியை அருகே போட்டுக்கொள்ளலாம். மொழிப் பிரச்சினையும் இல்லை. ஸ்வாதித் திருநாள் கீர்த்தனை ஒன்று வந்தால் ஒற்றப்பாலத்தார் தலை ஆடும், பாபநாசம் சிவன் வந்தால் உங்கள் பக்கம் ஆடும். ஆலாபனை சுருக்கமாக, உருப்படிகள் துரிதமாக, தனி ஆவர்த்தனம் இல்லாமல். முன்கூட்டியே இப்படிச் சொன்னால் கலைஞர்கள் வருத்தப்பட மாட்டார்கள், மேடையில் வந்து கையைக் காட்டி நிறுத்தச் சொன்னால்தான் வருத்தம். வீணை மட்டும் வரவேற்புக்கு வேண்டாம். அதன் மீட்டு காற்றில் சில நொடிகள் நின்று அடங்கும், அந்த அடங்கலில்தான் ஸ்வரத்தின் அசைவான கமகம் உயிரோடு இருக்கிறது. கூட்டத்துப் பேச்சில் அது மொத்தமாக மூழ்கிவிடும்.

ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணி வரைதான் அனுமதி, அதற்கு முன்பே முடியும்படி நேரம் வையுங்கள். ஸ்பீக்கர்கள் சாப்பாட்டு ஹாலைப் பார்த்து இருக்கக் கூடாது. வாசிப்பவர்களுக்குத் தங்கள் ஒலி கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கர் அவர்கள் பக்கம் திரும்பி இருக்க வேண்டும், இது இல்லாமல் சுருதி சேராது.

கச்சேரியே கிடையாதா என்று உங்கள் மகள் வருத்தப்படலாம். உண்டு. முதல் நாள் சாயங்காலம், வீட்டில். நெருங்கிய சொந்தம் வந்திருக்கும், ஐம்பது அறுபது பேர். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், மைக் இல்லாமல் ஒன்றரை மணி நேரம். வர்ணம், இரண்டு மூன்று கீர்த்தனை, ஒரு ராகம் நிதானமாக, கடைசியில் தியாகராஜரின் சீதா கல்யாண வைபோகமே, மங்களம். வரவேற்பு மேடைக்கு ஆகும் ஒலி அமைப்புச் செலவு இங்கே கிடையாது. பெரிய பெயருள்ளவரைத் தேடவும் வேண்டாம். பாலக்காட்டில் பெரும் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பெயரில் இருக்கும் அரசு இசைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த இளைஞர்கள் எத்தனையோ பேர் அருமையாகப் பாடுகிறார்கள். கேட்கத்தான் இடம் கிடைப்பதில்லை அவர்களுக்கு. செம்பை பாகவதரே இளம் வயது மணி ஐயரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து வளர்த்தவர்தானே. மாப்பிள்ளை வீட்டில் நாலு பேரை அன்றைக்கு அழைத்துப் பாருங்கள், மறுநாள் மேடையில் இரண்டு குடும்பமும் பழகினவர்களாக நிற்பார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு நிமிஷ வீடியோவை நம்பாதீர்கள். ஒரு முழு ராகத்தைக் கேட்டால்தான் சுருதி நிற்கிறதா என்று தெரியும். நேரில் கேட்பது எல்லாவற்றையும்விட நல்லது. நவம்பரில் கல்பாத்தித் தேர் வருகிறது, விசுவநாத சுவாமி கோயில் பக்கம் ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுற்றினால் நாகஸ்வரமும் கேட்கலாம், தேர்ச் சமயத்துச் சங்கீத விழாவில் கச்சேரிகளும் கேட்கலாம்.

தை மாதத்தில் நம் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் கிழக்குக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வறண்ட காற்று தோல் வாத்தியத்தை இறுக்கிச் சுருதியை ஏற்றிவிடும், நாகஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளியும் சீக்கிரம் காயும். ஏசி மண்டபம் என்றால் அது வேறு சிக்கல். கலைஞர்களை ஒரு மணி நேரம் முன்பே வரவழைத்து, வாசிக்கப்போகும் இடத்திலேயே வாத்தியத்தை வைத்திருக்க விடுங்கள். மின்விசிறி நேராக அவர்கள் மேல் வீச வேண்டாம்.

பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வண்டிச் செலவு யாருடையது, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது. மீதியை அன்றைக்கே, கிளம்பும் முன், வெற்றிலை பாக்கோடு கையில் கொடுங்கள். கல்யாண சந்தடியில் மறந்து, அவர்கள் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானே நின்றிருக்கிறேன். அதற்கும் ஒரு ஆளைச் சொல்லி வையுங்கள். சாப்பாடு முதல் பந்தியில், வாசித்து முடித்தவுடன். நாகஸ்வரக்காரர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஊத முடியாது, அதனால் முகூர்த்தத்துக்கு முன் காபியும் இட்லியும் போதும் என்பார்கள்.

முதலில் நாகஸ்வரத்தைப் பேசி முடியுங்கள். தையில் நல்ல முகூர்த்த நாட்கள் கொஞ்சம், ஊருக்கு ஊர் கல்யாணம். பஞ்சவாத்தியக்காரர்களுக்கும் விருச்சிக மாதத்திலிருந்தே, அதாவது நம் கார்த்திகையிலிருந்தே, திருவிழாக் காலம் தொடங்கிவிடும், உங்கள் தேதியில் எந்தக் கோயிலுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்வார்கள். வயலினுக்கும் வீட்டுக் கச்சேரிக்கும் அதற்கு அப்புறம் ஆள் தேடினாலும் கிடைக்கும்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தாலிகெட்டு எத்தனை நிமிஷம் ஆகும், யார் நடத்துகிறார்கள் என்று மட்டும் இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாகஸ்வரக்காரர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.